டிக்கெட்டில் எந்த வீல்சேர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோருக்கான பயணக் குறிப்புகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. விசா, இன்சூரன்ஸ், பெட்டியின் எடை, ஊறுகாய் பாட்டில் எல்லாம் விலாவாரியாக இருக்கும். தம்பதியில் ஒருவர் பக்கவாதத்தாலோ, பார்க்கின்சன் நோயாலோ, முதுகுத்தண்டு பாதிப்பாலோ நடமாட்டம் குறைந்தவர் என்றால் மட்டும் ‘டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் சொல்லிவிடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு முழு நாளைத் தாண்டும் பயணம். அந்த ஒற்றை வரி போதாமல்தான் கூடப் போகும் கணவரோ மனைவியோ திண்டாடுகிறார். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிறுவனத்தின் கணினியில் வெறும் ‘வீல்சேர்’ என்று ஒன்று கிடையாது. மூன்று வகை உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நெடுந்தூரம் நடக்கத்தான் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமான வாசலிலிருந்து இருக்கை வரை மெல்ல நடந்துவிடுவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். ஏஜென்ட்கள் பெரும்பாலும் எதுவும் விசாரிக்காமல் முதல் வகையைப் போட்டுவிடுகிறார்கள். விமானக் கதவோடு இணையும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் இருக்கும் வரை வித்தியாசம் தெரியாது. விமானத்தைத் தள்ளி நிறுத்தி, பயணிகளைப் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கும் அன்றுதான் தெரியும். ‘எஸ்’, ‘சி’ பயணிக்கு ஆம்பிலிஃப்ட் என்கிற தூக்கு வண்டி வர வேண்டும். ‘ஆர்’ பயணிக்கு அது தேவையில்லை என்பதே அந்தக் குறியீட்டின் அர்த்தம். அவர் ஏணிப்படிக்கு முன்னால் நிற்பார். அதேபோல ‘சி’ என்று பதிவாகவில்லை என்றால், விமான வாசலில் ஒடுக்கமான நடைவழி நாற்காலி காத்திருக்காது. சாதாரண வீல்சேரின் அகலம் 24 அங்குலத்தை ஒட்டி இருக்கும். எகானமி வகுப்பு நடைவழி 20 அங்குலம் இருந்தாலே பெரிது. எனவே அது உள்ளே நுழையவே நுழையாது.

எந்த வகை என்பதை வீட்டிலேயே முடிவு செய்யலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடிப்படி வரிசை முழுவதும் ஏறி இறங்க முடிகிறதா? பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் போக முடிகிறதா? காலையில் காபி குடித்துவிட்டுத் தெம்பாக இருக்கும்போது முடிவதை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். பத்து மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கி எழுந்திருக்கும்போது என்ன முடியும் என்பதே கணக்கு. சந்தேகமாக இருந்தால் ஒரு படி மேலே உள்ள வகையைப் போடச் சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதே நம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதியிலும் ஐரோப்பாவின் 1107/2006 ஒழுங்குமுறையிலும் உள்ள கெடு. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் இருந்தால், இரண்டாவது நிறுவனத்தையும் தனியாக அழைத்து அவர்கள் பதிவிலும் அதே குறியீடு தெரிகிறதா என்று கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் இந்த விவரம் விடுபடுகிறது.

சங்கடமாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றாக நடக்கிற பெற்றோருக்கும், ‘அவர்களுக்கு இங்கிலீஷ் வராது, டிரான்சிட்டில் தொலைந்துபோவார்கள்’ என்று பிள்ளைகள் வீல்சேர் போடுகிறார்கள். பயம் நியாயமானது, கேட்கும் உதவிதான் தவறு. எம்.ஏ.ஏ.எஸ். என்று வேறொரு குறியீடு இருக்கிறது: நடக்கத் தெரிந்த, வழி தெரியாத பயணியை ஒருவர் சந்தித்துக் கூட்டிப்போகும் சேவை. சில நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் வாங்குகின்றன, சில எல்லா ஊரிலும் தருவதில்லை. ஆனால் இப்படி ஒன்று இருப்பதையே ஏஜென்ட்கள் சொல்வதில்லை. ஒரே விமானத்துக்கு வரிசையாக வீல்சேர்கள் நிற்கும்போது தள்ளுவதற்கு ஆள் போதாது. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய ஒரு தம்பதி இருவருக்குமே வீல்சேர் பதிவு செய்திருந்தார்கள். கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டுக் கூடவே நடந்த 80 வயதுக் கணவர் இமிக்ரேஷன் அருகே விழுந்து இறந்துபோனார். விமான நிறுவனத்துக்கு டிஜிசிஏ 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் சரி. ஆனால் வீல்சேர் தட்டுப்பாடு என்று சொன்னால் ‘காத்திருக்கிறோம்’ என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதுதான் பயணிகள் செய்ய வேண்டியது. விமானக் கதவுக்கு வெளியே நாற்காலி வந்து நிற்கும் வரை உங்கள் இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள். நீங்கள் உள்ளே இருக்கும் வரைதான் அவர்களுக்கு அவசரம்.

விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு அடுத்தபடியாக விமானத்தின் வகையைப் பாருங்கள். இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களில் (போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை) நடமாட்டம் குறைந்தவர்களுக்கான சற்று விசாலமான கழிவறை இருக்கும். 787-ல் அடுத்தடுத்து உள்ள இரண்டு கழிவறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பை விலக்கி ஒன்றாக்கும் வசதி உண்டு. கேட்டால்தான் திறந்து தருவார்கள். ஒற்றை நடைவழி உள்ள ஏ320, 737-ல் பொதுவாக இதெல்லாம் கிடையாது. டிரான்சிட்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்கவே எடுக்காதீர்கள். வீல்சேர் பயணியைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள், அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். ஏழெட்டு மணி நேரம் டிரான்சிட் என்றாலும் ஆபத்துதான், படுக்க இடமில்லாமல் உட்கார்ந்தே கழியும். அப்படி அமைந்துவிட்டால் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டலில் சில மணி நேரத்துக்கு அறை எடுப்பது வீண் செலவல்ல.

இருக்கை விஷயத்தில் எல்லோரும் முன்வரிசையைக் கேட்கிறார்கள், கால் நீட்டலாம் என்று. தூக்கி உட்கார வைக்க வேண்டியவருக்கு அது சரிப்படாது. முன்வரிசையில் சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் அந்தக் கைப்பிடி மேலே எழும்பாது. எழும்பாத கைப்பிடியைத் தாண்டி ஒருவரைத் தூக்குவது இரண்டு பேருக்கும் காயம். மற்ற வரிசைகளில் நடைவழிப் பக்கக் கைப்பிடி பூட்டியது போலத் தெரிந்தாலும், பல இருக்கைகளில் அதன் அடிப்பக்கம், பின்புறக் கீலுக்கு அருகில் ஒரு சின்னப் பித்தான் இருக்கும். விரலால் தடவிப் பார்த்து அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் மேலே போகும். விமானப் பணியாளர்களிலேயே சிலருக்கு இது தெரியாது. எல்லா வரிசையிலும் இந்த வசதி இராது. ஆகவே ‘எழும்பும் கைப்பிடி உள்ள வரிசை’ என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். அவசர வழி வரிசையில் இவர்களை உட்கார விட மாட்டார்கள்.

பக்கவாதம் வந்தவர் என்றால் எந்தப் பக்கம் பலவீனம் என்பதை வைத்து இருக்கை எண் எடுக்க வேண்டும். பலவீனமான கை நடைவழிப் பக்கம் இருந்தால் தள்ளுவண்டி முழங்கையில் இடிக்கும், அவருக்கு உணர்ச்சி குறைவாக இருந்தால் இடித்ததே தெரியாது. நல்ல கை நடைவழிப் பக்கமும், பலவீனமான கை துணையின் பக்கமும் இருக்க வேண்டும். மூன்று–நான்கு–மூன்று என்று அமைந்த விமானத்தில் ஏ, பி, சி இடப்பக்கம், டி முதல் ஜி வரை நடு, அதற்கப்பால் எச், ஜே, கே. வலப்பக்கம் பலவீனமானவருக்கு நடைவழி இடக்கைப் பக்கம் வர வேண்டும், எனவே டி அல்லது எச். இடப்பக்கம் பலவீனமானவருக்கு சி அல்லது ஜி. நல்ல பக்கமாக நகர்த்துவது எப்போதும் சுலபம் என்பதால் இருக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எளிதாக நடக்கும். திரும்பி இருக்கைக்கு வருவது பலவீனமான பக்கமாக நடப்பதால் நேரம் பிடிக்கும், அப்போதுதான் இரண்டாவது ஆள் வேண்டும்.

தூக்கும் விதத்தை ஊழியர்களிடம் விட்டுவிடாதீர்கள். தினமும் பலரைத் தூக்குகிறார்கள், ஆனால் உங்கள் கணவரின் தோள்பட்டையைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளில் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசை தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுத்தால் மூட்டு நழுவும், வலி மாதக்கணக்கில் நிற்கும். சரியான முறை இது: அவர் இரண்டு கைகளையும் தன் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ள, பின்னால் நிற்பவர் அக்குள் வழியே கைவிட்டு அவருடைய முன்கைகளைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் முன்னால் இருந்து முழங்காலுக்குச் சற்று மேலே தொடைகளைச் சேர்த்து அணைப்பார். எண்ணிச் சொல்லி ஒரே நேரத்தில் தூக்குவார்கள். தோள் ஏற்கெனவே வலிப்பவருக்கு இதுகூட ஆகாது, அவருக்குத் தூக்கும் ஸ்லிங் துணிதான். ஓரளவு நிற்கக்கூடியவருக்கு இடுப்பில் கட்டும் பிடிபட்டை மிக உதவி. சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். மனைவி சேலைக் கொசுவத்தோடு குனிந்து தூக்குவதற்கும், முழங்காலை மடக்கிப் பட்டையைப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருடைய இடுப்பே சொல்லும். சேலையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: வீல்சேரில் உட்காருபவர் சேலை கட்டினால் முந்தானையும் கொசுவமும் முன்சக்கரத்தில் சிக்கும். எலாஸ்டிக் வைத்த பேன்ட்டும் தளர்ந்த மேலாடையும் போதும்.

அடுத்தது கழிவறை. பலர் இதற்குப் பயந்து முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். காய்ந்த கேபின் காற்றில் அது சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் நேர்வழி, ரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டாம். விமானத்தில் ஏறியதுமே, மடக்கு வீல்சேர் உள்ளே இருக்கிறதா என்று பணியாளரைக் கேளுங்கள். கதவு மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை. பணியாளர்கள் அதில் வைத்துக் கழிவறை வாசல் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். தூக்க மாட்டார்கள், உள்ளே வந்து உதவ மாட்டார்கள். விதிகளே அவர்களிடம் அதை எதிர்பார்க்கவில்லை. அது துணையின் வேலை. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டால் முக்கால் மணி நேரம் நடைவழி அடைபட்டுவிடும், அதற்கு முன்பே போய்வர வேண்டும்.

சாதாரண விமானக் கழிவறை சுமார் மூன்றடிக்கு மூன்றடி. வீட்டில் கோப்பையைச் சுற்றி அந்த அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டைத் தாண்டாமல் இருவரும் எழுந்து, திரும்பி, உடையை இறக்கி, உட்கார்ந்து பாருங்கள். முடியவில்லை என்றால் விமானத்திலும் முடியாது. அப்போது மாற்று ஏற்பாடு வேண்டும். ஆண்களுக்கு உறை போல மாட்டும் காண்டம் கதீட்டரும் காலில் கட்டும் பையும் நல்ல தீர்வு. ஆனால் பயணத்துக்கு முன் வீட்டில் ஒரு முழு நாள் போட்டுப் பார்க்க வேண்டும். அளவு தவறினால் கசியும், இறுக்கினால் தோல் புண்ணாகும், பசை ஒவ்வாமையும் வரலாம். பை பாதி நிறைந்ததுமே காலி செய்யுங்கள், நிறைந்த பையின் கனம் குழாயை இழுத்துவிடும். டயப்பரில் ஜட்டி மாதிரியானது மாற்றும்போது பேன்ட், செருப்பு எல்லாம் கழற்ற வேண்டும். நிற்க முடிந்தவருக்குப் பக்கத்தில் டேப் ஒட்டும் வகை, சுவரில் சாய்ந்து நிற்கும்போதே மாற்றிவிடலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, கூடுதலாக மூன்று என்று கைப்பையில் வையுங்கள். ஒரு செட் உடை, பழைய வேட்டி ஒன்று, மூடி இறுகும் பிளாஸ்டிக் பைகள். வேட்டி விரிப்பாகவும் ஆகும், மறைப்பாகவும் ஆகும்.

உட்கார்ந்தே இருப்பதால் வரும் படுக்கைப் புண் ஒரே இரவில் தொடங்கிவிடும், ஆற மாதங்கள் ஆகும். தன் வீல்சேர் மெத்தையைச் சரக்கோடு அனுப்பாமல் விமான இருக்கையில் போட்டு உட்கார்வது நல்லது. காற்று அடைத்த மெத்தை என்றால் ஒரு எச்சரிக்கை: மேலே பறக்கும்போது கேபின் அழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி மலை உயரத்துக்கு இணையாகக் குறையலாம், உள்ளே அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும். மெத்தை கல் போலாகிவிடும். விமானம் மேலே ஏறியபின் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு, தரை இறங்கியபின் மறுபடி அடைக்க வேண்டும், சின்ன பம்பு கைப்பையில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்த்து ஓரிரு நிமிடம் பிருஷ்டத்தின் பளுவை மாற்றுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே இடுப்பின் கீழ்ப்பகுதியையும் குதிகாலையும் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அந்த இடத்தில் பளு படவே கூடாது, மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. தானாக அசைக்க முடியாத பாதத்தைத் துணைவர் மணிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக மடக்கிவிடலாம். இறுக்க சாக்ஸ் போடுவது என்றால் காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்காலும் கெண்டைக்காலும் அளந்து வாங்க வேண்டும். மேல்விளிம்பைச் சுருட்டி விட்டால் அதுவே கயிறு கட்டியது மாதிரி ஆகிவிடும். கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களும், சர்க்கரையால் பாத உணர்ச்சி போனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா மாத்திரையை அந்தந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். வழக்கமாக நான்கு மணி நேர இடைவெளி என்றால் பயணம் முழுக்க அதே இடைவெளி. புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து ஏறுவது மந்தமாகும், முடிந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். மருந்தின் வேகம் குறைந்த நேரத்தில் விமானக் கதவின் விளிம்பில் அவர் அப்படியே உறைந்து நிற்பார். பின்னாலிருந்து தள்ளாமல் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி, தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னால் கால் எழும்பும்.

சொந்த வீல்சேர் கொண்டுபோனால் செக்-இன் கவுன்ட்டரில் ‘விமான வாசல் வரை இதிலேயே வருவோம், இறங்கும்போதும் வாசலுக்கே வேண்டும்’ என்று சொல்லிச் சீட்டு கட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது கடைசி ஊரின் பெட்டி வளையத்தில்தான் வரும். கால்பலகை, பக்கத் தகடு, மெத்தை எதுவும் நாற்காலியோடு போகக் கூடாது, தனிப் பையில் கேபினுக்கு. மின் வீல்சேர் என்றால் பேட்டரி பற்றிக் கேட்பார்கள். லேபிளில் வாட்-அவர் இல்லாவிட்டால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் என்றால் 288. கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரியைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். ஒன்று என்றால் 300 வாட்-அவர் வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் பேட்டரி 480 ஆகிவிடும், அதைக் கழற்றிக் கொண்டுபோக முடியாது. லேபிளே இல்லாத மலிவு பேட்டரியைக் கவுன்ட்டரில் மறுத்துவிட்டால் அங்கே வாதாடிப் பயனில்லை, வாங்கும்போதே லேபிளைப் பாருங்கள்.

உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகார்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர். நாற்காலி அதைவிட விலை உயர்ந்தது என்றால் செக்-இன் நேரத்திலேயே அதன் மதிப்பை அறிவித்துப் பதிவு செய்யும் வழி அதே உடன்படிக்கையில் இருக்கிறது. ஏறுமுன் நான்கு பக்கமும் எடுத்த போட்டோ இருந்தால் பேச்சு சுருங்கும்.

தம்பதியைப் பிரித்துவிடுவது டிரான்சிட்டில் சாதாரணம். ஒருவரை பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், மற்றவர் நடந்து வரவேண்டும். ஆகவே பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், அன்றைய மாத்திரை ஆகியவை அவரவர் கழுத்துப் பையில் தனித்தனியாக இருக்கட்டும். பேச்சு குழறுபவர் என்றால் கழுத்தில் ஓர் அட்டை: பெயர், எந்தப் பக்கம் பலவீனம், ‘இந்தக் கையை இழுக்க வேண்டாம்’, துணையின் போன் எண். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒன்று. அமெரிக்க வீடுகளில் குளியலறை என்பது பெரும்பாலும் பாத்டப்தான். ஒன்றரை அடி உயர விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க அப்பாவால் முடியாது. இரண்டு கால் தொட்டிக்குள்ளும் இரண்டு கால் வெளியிலுமாக நிற்கும் குளியல் பெஞ்ச் அங்குள்ள மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். வெளியே உட்கார்ந்து அப்படியே உள்ளே நகர்ந்துவிடலாம். கையில் பிடித்துக் குளிக்கும் ஷவரும் வேண்டும். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரமே இரண்டையும் மாட்டி, நீங்களே ஒருமுறை உட்கார்ந்து ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சை, நோயாளிப் பராமரிப்பு, பயண முன்பதிவு வேலைகளில் இருக்கும் சிலர்,
தாம்பரம், சென்னை.